அறுபத்தொரு சதவீதம்

திங்கட்கிழமை காலை என் திரையில்
சிவப்பாய் விழுந்து கிடந்தவர்கள் பதினேழு பேர்.
எண்பதுக்குக் கீழே போனால் சிவப்பு.
நிறம் நான் தேர்ந்ததில்லை.
கடிதத்தின் அடியில் உள்ள பெயர்தான் என்னுடையது:
எல்ஸ்பெத் கெடஸ், வருகைக் கண்காணிப்புப் பிரிவு.

அபர்டீனில் பிப்ரவரி.
கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி
எதிர்க் கட்டிடத்தை விழுங்கிவிட்டது.
அதற்கும் ஒரு கடிதம் அனுப்பலாம்.

'அன்புள்ள மாணவருக்கு,
உங்கள் ஈடுபாடு எங்களுக்குக் கவலை அளிக்கிறது.'
கவலை என்ற சொல்லைக் கண்டுபிடிக்க
ஒரு குழு நான்கு முறை கூடியது.
இரண்டு கூட்டத்துக்கு நான் போகவில்லை.
யாரும் கேட்கவில்லை.

பதினோராவது சிவப்பு:
இபினாபோ, பெட்ரோலிய நிலவியல், முதுகலை.
போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து வந்தவள்.
அறுபத்தொரு சதவீதம்.
காலை ஒன்பது மணி வகுப்பென்றால் அட்டை தொடுவதே அபூர்வம்.
பாடக் குறிப்புகளைத் திறந்த நேரம் மட்டும்
இரவு 1.50, 2.15, 2.40.
தூக்கம் வராத பிள்ளை என்று நினைத்தேன்,
ஊர்சுற்றும் பிள்ளை என்றும்.
படிவத்தில் இரண்டுக்கும் கட்டமில்லை.

வரச்சொன்னேன், வந்தாள்.
கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.
அறையில் எலுமிச்சை வாடை,
பழத்தின் வாடையல்ல, வாளியின் வாடை.
ஆறு வருடமாய்க் காலை எட்டரைக்கு
இந்தப் படியேறும்போதெல்லாம்
என் மூக்குக்குத் தெரிந்த வாடை.

எங்கே வேலை என்று கேட்டேன்.
விரலால் தரையைக் காட்டினாள்.

நான்கிலிருந்து எட்டு, வாரம் ஐந்து நாள்,
விசா விடுகிற இருபது மணி,
ஒரு நிமிடம் கூடாமல்.
நீல அட்டை கதவைத் திறக்கும்.
வெள்ளை அட்டை ஆளைக் காட்டும்.
நீலத்தைத் தருவது வேறு கம்பெனி.

'எட்டுக்கு முடிந்தால் ஒன்பதுக்கு வரலாமே?'
கேட்டபிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

'மூன்று தடவை வந்தேன்.
உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன்.
ஒரு சொல்கூடக் காதில் விழாத அந்த மூன்று நாளும்
உங்கள் கணக்கில் பச்சை.'

பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்:
மூன்றாம் வரிசையில் பதினான்காம் நாற்காலி
மடக்கினால் விரலைக் கடிக்கும்.
பேராசிரியர் மில்ன் பலகையை அழிப்பதேயில்லை.
படித்துவிட்டு அழிப்பேன்.
போன புதன் உப்புப் பாறை
மண்ணைக் கிழித்து மேலேறுகிற படம்.
எத்தனையோ லட்சம் வருடம் ஏறியதை
ஒரு ஈரத்துணியால் எடுக்க மனம் வரவில்லை.
ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு
மேற்பார்வையாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

விடுப்புக் காரணங்கள்:
நோய். இறப்பு. சமயம். மற்றவை.
மற்றவைக்கு இருநூறு எழுத்து.
'மாணவர் கட்டிடத்துக்குள்தான் இருந்தார்' என்று அடித்தேன்.
ஆதாரம் இணைக்கவும் என்றது.

துப்புரவுக் கம்பெனியின் ஏட்டில்
அவளுக்கு நூற்றுக்கு நூறு.
அதை இணைக்கலாமா என்று மேலிடத்தில் கேட்டேன்.
அது வேறு பிரிவு என்றார்கள்.
கடிதம் இன்னும் என் வரைவுப் பெட்டியில்.
வெள்ளிக்கிழமை தானாகவே போய்விடும்,
நான் தொட்டாலும் தொடாவிட்டாலும்.

இன்று ஏழு மணிக்கே வந்தேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
அவள் கண்ணில் படவில்லை.
மஞ்சள் பலகை நின்றது, படியெல்லாம் ஈரம்.
ஓரமாய்த்தான் ஏறினேன்.
ஆனாலும் படிக்குப் படி என் வருகை
சேற்றுக்காலாய்ப் பதிவாகியிருந்தது.

மேலே போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள்
யாரோ அழித்திருந்தார்கள்.